பத்தொன்பது தவணையும் வாடகை

1988 கார்த்திகை மாதம். ஒரு வாரமாக அடித்த மழை அன்றைக்குத்தான் விட்டிருந்தது. கழனியெல்லாம் தண்ணீர் நின்றதால் யாருக்கும் வேலை கிடையாது. அம்மா விறகு பொறுக்கப் போயிருந்தது. சட்டை காயாததால் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்து, ஊர்த்தெரு டீச்சரம்மா கொடுத்த ஜாக்கெட் துணிக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தது. ட்ரைசைக்கிளோடு ரெண்டு பேர் வந்தார்கள். "உங்கம்மா எங்க?" என்றார் ஒருவர். அக்கா எழுந்து நிற்பதற்குள் இன்னொருவர் மிஷினைத் தூக்கிவிட்டார். ஊசிக்கு அடியில் மாட்டியிருந்த துணியும் மிஷினோடு போனது. "துணிய மட்டுமாச்சும் குடுங்க சார், அது வேத்தாளு துணி" என்று கத்திக்கொண்டே அக்கா தெருக்கோடி வரைக்கும் ஓடியது. சேரி ஜனம் வாசலில் நின்று பார்த்தது. தென்னார்க்காட்டுச் சேரிகளில் இது புதுசு இல்லை. சைக்கிள் போகும், ரேடியோ போகும், சில வீடுகளில் பித்தளை அண்டா போகும்.

மிஷினை 1987 பங்குனியில் டவுனில் ஒரு தவணைக் கம்பெனியில் எடுத்தோம். ரொக்கமாகக் கொடுத்தால் விலை 1,400 ரூபாய். தவணைக்கு மாதம் 85 ரூபாய் வீதம் 24 மாதம், அதாவது 2,040 ரூபாய். பத்திரம் ஆறு பக்கம், முழுக்க இங்கிலீஷ், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. எங்கெங்கே கைநாட்டு வைக்க வேண்டுமோ அங்கங்கே பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். தொகை எழுத வேண்டிய இடங்கள் காலியாக இருந்தன. ஒவ்வொரு பெருக்கல் குறியாகத் தேடி அம்மா விரலை வைத்தது. வைத்து முடித்ததும் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டது. அன்றைக்கு எங்களுக்கு அது பெரிய நாள். கழனிக்குப் போகாமல் நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கப் போகிற முதல் ஆள் எங்கள் வீட்டில் அக்காதான்.

19 தவணை கட்டிவிட்டோம். 1,615 ரூபாய். ரொக்க விலையை எப்போதோ தாண்டியாயிற்று. ஐப்பசியும் கார்த்திகையும் மட்டும் கட்ட முடியவில்லை. மிஷின் போன மறுநாள் அம்மாவும் நானும் கம்பெனிக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பத்திரத்தைப் பிரித்து ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். தவணை தவறினால் அறிவிப்பு இல்லாமல் பொருளை எடுத்துக்கொள்ளலாம். அதுவரை கட்டியது எல்லாம் பொருளை உபயோகித்ததற்கான வாடகை. "இத்தினி நாளு மிஷின ஓட்டினியா இல்லியா? அதுக்கு வாடகை அது" என்றார். அம்மா விடவில்லை. கோர்ட்டு வாசலில் ஒரு வக்கீலைப் பார்த்தது. அவர் நின்றபடியே பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு இப்ப வந்து நிக்கிறியே" என்றார். "கையெழுத்து இல்லீங்க, கைநாட்டு" என்றது அம்மா. அவர் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதாம்மா."

ரெண்டும் ஒன்றுதானா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் சட்டம் படிக்கப் போனேன் என்று சொன்னால் அது கொஞ்சம் ஜோடனை. வேலை கிடைக்கும் என்றுதான் போனேன். ஆனால் ஒப்பந்தச் சட்ட வகுப்பில் 'சுதந்திரமான சம்மதம்' என்கிற சொல்லை வாத்தியார் முதல் தடவை உச்சரித்தபோது, மையைத் தலையில் துடைத்துக்கொண்ட அம்மா ஞாபகத்துக்கு வந்தது. அதற்கப்புறம் அந்த ஞாபகம் இல்லாமல் ஒரு தீர்ப்பையும் நான் வாசித்ததில்லை. பசியால் ஒருவர் வைக்கிற கைநாட்டு சம்மதமா, நிர்ப்பந்தமா? நூறு வருஷத்துக்கு மேலாக நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதும் கையை இழுத்துக்கொள்வதுமாக இருக்கின்றன. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடன் பத்திரம் எல்லாருக்கும் ஒரே கோர்ட்டில் விசாரிக்கப்பட்டதில்லை. 1859-இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான், 13-ஆம் எண் சட்டம். தொழிலாளி முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராமல் போனால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். மாஜிஸ்திரேட், பணத்தைக் கட்டு அல்லது வேலையைச் செய் என்று உத்தரவு போடுவார். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கடன் பாக்கி என்பது சிவில் விவகாரம். முன்பணம் வாங்கிய கூலியாளுக்கு மட்டும் அது கிரிமினல் குற்றம். நீலகிரி, வயநாட்டுத் தோட்டங்களுக்குக் கங்காணி கையில் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறிய நம் ஜனங்களின் பத்திரங்கள் இந்தக் கோர்ட்டுக்குத்தான் போயின. வாங்கினானா, வந்தானா என்பதுதான் அங்கே முதற்கேள்வி. பத்திரத்தில் எழுதியிருந்தது நியாயமா என்று வாதாட வக்கீல் வைக்க வழி ஏது? 1925-இல் இயற்றிய ஒரு சட்டம்தான் இதை நீக்கியது. அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்த சட்டம் இது. கல்லூரியில் ஒப்பந்தச் சட்டத்தின் வரலாறு சொல்லும்போது இதை யாரும் சொல்வதில்லை.

சிவில் கோர்ட்டில் வேறு பாஷை. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு 'தகாத செல்வாக்கு' பற்றிப் பேசுகிறது. ஒருவர் இன்னொருவரின் விருப்பத்தை அடக்கியாளும் நிலையில் இருந்து, அதைக் கொண்டு நியாயமற்ற ஆதாயம் அடைந்தால் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். 1899-இல் இதைத் திருத்தி எழுதினார்கள். தவணை தவறியதும் ஏற்றிப் போடுகிற வட்டி 'தண்டத்தொகை' ஆகலாம், நீதிமன்றம் அதைக் குறைக்கலாம் என்று 74-ஆம் பிரிவையும் அப்போதே திருத்தினார்கள். வாசித்தால் நமக்காகவே எழுதினது போலத் தோன்றும். ஆனால் இந்தப் பிரிவுக்கு அர்த்தம் சொன்ன வழக்குகளில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்: ஜமீன்தார்கள், அவர்களுடைய விதவைகள், கோஷாப் பெண்கள், பாகம் பிரிக்கச் சண்டை போடும் அப்பாவும் பிள்ளையும்.

ரகுநாத் பிரசாத் - சர்ஜு பிரசாத் வழக்கு அப்படி ஒன்று. பெரிய சொத்துக்காரக் குடும்பம். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் தகராறு. அப்பா கொடுத்த கிரிமினல் வழக்கிலிருந்து தப்பிக்க, பிள்ளை 1910-இல் சொத்தை அடமானம் வைத்துச் சுமார் 10,000 ரூபாய் வாங்கினார். 24 சதவீதம் கூட்டு வட்டி. பதினோரு வருஷத்தில் அது 1,12,885 ரூபாய் ஆகிவிட்டது. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1923 டிசம்பரில் தீர்ப்பு சொன்னது. வட்டி கொடூரமா என்பது முதல் கேள்வி அல்ல. கடன் கொடுத்தவர் வாங்கியவரின் விருப்பத்தை அடக்கியாளும் நிலையில் இருந்தாரா என்பதே முதல் கேள்வி. அதை நிரூபித்த பிறகுதான் பேரம் நியாயமா என்று பார்க்க வேண்டும். பணத்துக்கு அவசரம் என்பதாலேயே கொடுத்தவன் அடக்கியாளுபவன் ஆகிவிடமாட்டான். இவர் தன் சொத்தைத் தன் இஷ்டத்துக்குக் கையாளக்கூடிய மனுஷன். ஆகவே பத்திரம் செல்லும்.

அந்த மனுஷனைப் பொறுத்தவரை இது சரியாகவும் இருக்கலாம். எனக்கு அவர்மேல் பெரிய பரிதாபம் கிடையாது. ஆனால் அவருக்காகச் செய்த அளவுகோலை வைத்துத்தான் அதற்கப்புறம் எல்லாரையும் அளந்தார்கள். சொத்துக்காக அப்பனோடு சண்டை போட்டவனின் அவசரமும், அடைமழையில் அடுப்பு எரியாதவளின் அவசரமும் சட்டத்தின் பார்வையில் ஒரே அவசரம். பிரிவி கவுன்சில் வரைக்கும் போகப் பணம் இருந்தவர்களின் வழக்கிலிருந்துதான் ஏழைக்கான சட்டம் பிறந்தது. நம் பத்திரங்கள் லண்டனுக்குக் கப்பல் ஏறவில்லை. அவை மாஜிஸ்திரேட் கோர்ட்டு வாசலோடு நின்றுவிட்டன.

வட்டிக்குக் கடிவாளம் போடச் சட்டங்கள் வராமல் இல்லை. 1918 கடுவட்டிக் கடன் சட்டத்தின்படி, வட்டி மிதமிஞ்சியும் பேரம் நியாயமற்றும் இருந்தால் நீதிமன்றம் பழைய கணக்கைத் திறந்து பார்க்கலாம். 1938-இல் ராஜாஜி மந்திரிசபை சென்னை மாகாண விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் இருந்த வட்டியைத் தள்ளுபடி செய்தார்கள். அசலைப்போல ரெண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. இன்றைக்கும் இதைப் பெரிய புரட்சியாகச் சொல்கிறவர்கள் உண்டு. சரி, 'விவசாயி' என்றால் யார்? சட்டம் சொல்கிற இலக்கணப்படி, விவசாய நிலத்தில் விற்கத்தக்க உரிமையோ அதுபோன்ற பாத்தியதையோ உள்ளவர். நாற்று பிடுங்கினவள், நட்டவள், களை பறித்தவள், அறுத்தவள், களத்தில் பதர் கூட்டினவள், இவர்கள் யாரும் அந்தச் சட்டத்தில் விவசாயி இல்லை. எங்க ஆயா தன் ஆயுசு முழுக்கச் சேற்றில் நின்றது. அது விவசாயி இல்லை. அது நட்ட கழனிக்குச் சொந்தக்காரன் விவசாயி. அவன் கடன் குறைந்தது. ஆயா அவனிடம் பட்ட கடன் அப்படியே இருந்தது.

இப்போது அந்த 'வாடகை'க்கு வருகிறேன். தவணைக் கொள்முதல், ஹயர் பர்ச்சேஸ் என்று சொல்கிறோமே, அதன் சூட்சுமமே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. கடன் கொடுத்துப் பொருளை விற்றதாக எழுதினால் பொருள் வாங்கினவருக்குச் சொந்தமாகிவிடும். பாக்கிக்குக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வாடகைக்கு விட்டதாக எழுதினால் கடைசித் தவணை வரைக்கும் சொந்தக்காரர் கம்பெனிதான். தன் பொருளைத் தானே எடுத்துக்கொண்டு போவதற்கு யார் உத்தரவு வேண்டும்? இங்கிலாந்தில் கடைசித் தவணைக்குச் சற்று முன்னால் ஆளை அனுப்பிப் பொருளைத் தூக்கி, அதை மறுபடியும் இன்னொருவருக்கு விற்பதையே தொழிலாக வைத்திருந்தார்கள். ஜாரோ என்கிற வறுமைப்பட்ட கப்பல்கட்டும் ஊரின் எம்.பி.யாக இருந்த எல்லன் வில்கின்சன் (தலைமுடியும் அரசியலும் சிவப்பு என்பார்கள்) இதற்கு எதிராக மசோதா கொண்டுவந்து, 1938-இல் அதைச் சட்டமாக்கினார். விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டியாகிவிட்டால் கோர்ட்டு உத்தரவு இல்லாமல் பொருளைத் தொடக் கூடாது.

இந்தியாவில்? 1961-இல் சட்ட ஆணையம் தன் 20-ஆவது அறிக்கையில் இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று சொன்னது. 1972-இல் பாராளுமன்றம் தவணைக் கொள்முதல் சட்டத்தை நிறைவேற்றியது. 15,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளுக்குப் பாதி விலை கட்டியாகிவிட்டால், கோர்ட்டு மூலமாக அல்லாமல் அதை எடுக்க முடியாது. நாங்கள் கட்டியது 24-க்கு 19. பாதிக்கு மேல், முக்காலுக்கும் மேல். இந்தச் சட்டத்தைக் கல்லூரி நூலகத்தில் முதலில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த வக்கீல் ஏன் இதைச் சொல்லவில்லை? அடுத்த பக்கத்தைப் புரட்டினபோது காரணம் தெரிந்தது. சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. அமலுக்கு வரும் தேதியை அறிவித்தார்கள், அப்புறம் அந்த அறிவிப்பையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முப்பத்து மூன்று வருஷம் புத்தகத்தில் அச்சாகிக் கிடந்துவிட்டு, 2005-இல் அது ரத்தானது. பிறக்காமலே செத்த சட்டம். அந்த வக்கீல் எங்களை நீ, வா, போ என்று பேசினார், அது வேறு. சட்டம் பற்றி அவர் சொன்னது பொய் இல்லை.

அந்த நூலகத்தில்தான் வாஷிங்டன் வழக்கையும் வாசித்தேன். தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகளில் கறுப்பர் இலக்கியம், கறுப்பர் அரசியல் என்று நிறையப் பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் ஒரு கறுப்பினப் பெண்ணின் தவணைப் பத்திரம் உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வில்லியம்ஸ் எதிர் வாக்கர்-தாமஸ் பர்னிச்சர் கம்பெனி, 1965.

அந்த அம்மாளுக்கு ஏழு பிள்ளைகள். மாதம் 218 டாலர் அரசாங்க உதவித்தொகைதான் வருமானம். 1957-லிருந்து 1962 வரை அந்தக் கடையில் தவணைக்குச் சாமான் வாங்கினார்: திரைச்சீலை, விரிப்பு, படுக்கை, துணி துவைக்கும் எந்திரம். மொத்தம் சுமார் 1,800 டாலர், அதில் 1,400 டாலர் கட்டியும்விட்டார். 1962 ஏப்ரலில் 514 டாலர் 95 சென்ட் விலையில் ஒரு ஸ்டீரியோ வாங்கினார். அப்போது பழைய பாக்கி வெறும் 164 டாலர். ஸ்டீரியோவை விற்றவருக்கு இந்தக் குடும்பத்தின் நிலைமை தெரியாது என்று சொல்லவே முடியாது. அவருடைய உதவித்தொகை எவ்வளவு, அவரைக் கவனிக்கிற சமூகப் பணியாளர் யார் என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் பின்பக்கத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது. ஸ்டீரியோவுக்குத் தவணை தவறியது. கடை 1957 டிசம்பரிலிருந்து வாங்கின அத்தனை சாமானையும் திருப்பிக் கேட்டு வழக்கு போட்டது.

எப்படி? ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் ஒரு வாசகம். கட்டுகிற ஒவ்வொரு டாலரும் இதுவரை வாங்கின எல்லாச் சாமானுக்கும் விகிதப்படி பிரித்து வரவு வைக்கப்படும். அதாவது, முழுப் பாக்கியும் தீரும்வரை எந்த ஒரு சாமானும் தனியாகச் சொந்தமாகாது. ஐந்து வருஷத்துக்கு முந்தி வாங்கின திரைச்சீலைக்கும் ஏதோ சில சென்ட் பாக்கி ஒட்டிக்கொண்டே இருக்கும். புதுசாக ஒன்று வாங்கினால் பழசு எல்லாம் அதற்கு ஜாமீன். இந்த ஒப்பந்தம் தன்னை என்னவென்று அழைத்துக்கொண்டது தெரியுமா? குத்தகை. தவணைக்குப் பெயர் வாடகை. தென்னார்க்காட்டிலும் வாஷிங்டனிலும் ஒரே சொல்.

கீழ்க்கோர்ட்டில் கடைக்காரர் ஜெயித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1964-இல் கடையின் நடத்தையைக் கண்டித்தது. ஆனால் சட்டத்தில் வழியில்லை என்று கைவிரித்தது. (கண்டித்துவிட்டுக் கைவிரிப்பது நம்மூர் பஞ்சாயத்திலும் பழக்கம்தானே.) 1965 ஆகஸ்டில் அதற்கும் மேல் கோர்ட்டில் நீதிபதி ஸ்கெல்லி ரைட் வேறு மாதிரி சொன்னார். இவர் நியூ ஆர்லியன்ஸில் நீதிபதியாக இருந்தபோது வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளியில் கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்க உத்தரவிட்டு, அந்த ஊர் வெள்ளையர்களின் பகையைச் சம்பாதித்தவர். அவர் கேட்ட கேள்விகள் ரெண்டு. கையெழுத்துப் போட்டவருக்கு வேறு வழி உண்மையிலேயே இருந்ததா? எழுதப்பட்டிருப்பது மற்றவருக்கு மட்டும் அநியாயமாகச் சாதகமா? பேரம் பேசும் பலமே இல்லாதவர், என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் போட்ட கையெழுத்தை முழுச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அப்படிப்பட்ட ஒப்பந்தம் மனசாட்சிக்கு ஒவ்வாதது என்று கண்டால் நீதிமன்றம் அதை அமல்படுத்த மறுக்கலாம்.

வாசித்துவிட்டு அன்றைக்கு விடுதியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் அந்தத் தீர்ப்பில் இல்லாதவை கண்ணில் பட்டன. ஒன்று, ஸ்கெல்லி ரைட் அந்த ஒப்பந்தம் அநியாயமானது என்று தீர்ப்பளிக்கவில்லை. அநியாயமா என்று பார்க்கும்படி வழக்கைக் கீழ்க்கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பினார். ரெண்டு, தீர்ப்பில் எந்த இடத்திலும் அந்த அம்மாள் கறுப்பினத்தவர் என்கிற சொல்லே இல்லை. வறுமை இருக்கிறது, படிப்புக் குறைவு இருக்கிறது, நிறம் இல்லை. கறுப்பர் வாழ்கிற பகுதியில் நிற வேற்றுமையால் பெரிய கடைகளின் கடன் கிடைக்காது, ஆகவே வீடு தேடி வருகிற தவணைக்காரன்தான் கதி என்பதைச் சொல்லாமலேயே 'வேறு வழி இல்லை' என்பதை விளக்கப் பார்க்கிறது தீர்ப்பு. நம்மூர்த் தீர்ப்புகளிலும் சேரி இல்லை. 'எளிய பின்னணி' என்று இருக்கும்.

மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி டானஹர் சொன்னதையும் சொல்லிவிட வேண்டும். ஏழைக்கும் கடன் தேவை. அந்த அபாயத்தை ஏற்கிற வியாபாரி அதற்குத் தகுந்த விலை வைக்கத்தான் செய்வான். இதையெல்லாம் சட்டமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். இதை லேசில் தள்ளிவிட முடியாது. அந்தக் கம்பெனியை விட்டால் எங்களுக்கு 85 ரூபாய்த் தவணைக்கு மிஷின் கொடுக்க ஆள் கிடையாது என்பது அம்மாவுக்கும் தெரியும். ஆனால் கடன் கொடுப்பது ஒன்று, கட்டினதையும் பொருளையும் சேர்த்து விழுங்குவது இன்னொன்று. 1968-இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் வாஷிங்டன் கடைகளை ஆராய்ந்தது. கொள்முதல் விலை 100 டாலர் உள்ள சாமானைப் பொதுக் கடைகள் சராசரியாக 159 டாலருக்கு விற்றன; ஏழைகளுக்கு விற்கிற கடைகள் 255 டாலருக்கு. அதே வருஷம் ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது, அந்த மாதிரிக் கடைகள் வரிசையாக இருந்த ஏழாவது தெரு எரிந்தது. ஏழை வீட்டுத் தட்டுமுட்டுச் சாமானைப் பழைய கடனுக்கும் புதுக் கடனுக்கும் சேர்த்து ஈடாக எழுதி வாங்குவதைத் தடுக்கிற விதி வந்தது 1980-களின் நடுவில்தான்.

நம் உச்ச நீதிமன்றத்துக்கு வருவோம். 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி, அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவுக்குப் பொருள் சொன்னார். கட்டாய உழைப்பு என்றால் சாட்டை வேண்டியதில்லை. பசியும் வறுமையும் ஒருவரைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய வைத்தால், அதுவும் நிர்ப்பந்தம்தான். 1923-இல் லண்டனில் 'அவசரம் என்பது அடக்கியாளுதல் அல்ல' என்றார்கள். 1982-இல் டெல்லியில் 'பசியும் பலாத்காரம்' என்றார்கள். இந்த ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உழைப்பை விற்கும்போது பசி நிர்ப்பந்தம் என்றால், அதே பசிக்காரர் கடன் பத்திரத்தில் விரல் வைக்கும்போது மட்டும் அது எப்படிச் சுதந்திரச் சம்மதம் ஆகும்?

1986-இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில் இதற்குப் பக்கத்தில் வந்தார்கள். வழக்கு கடனைப் பற்றியது அல்ல. மூன்று மாத நோட்டீசில் யாரையும் வேலையிலிருந்து நீக்கலாம் என்கிற, அரசு நிறுவனம் ஒன்றின் விதி பற்றியது. நீதிபதி டி.பி. மாடன், அமெரிக்கர்களின் 'மனசாட்சிக்கு ஒவ்வாத ஒப்பந்தம்' என்கிற கருத்தை எல்லாம் எடுத்துப் பேசி, பேரபலத்தில் சமம் இல்லாதவர்களுக்கு இடையே, அச்சடித்த தாளில் போட்ட இடத்தில் கையெழுத்து வாங்கும் அநியாய ஒப்பந்தங்கள் பொதுக்கொள்கைக்கு விரோதமானவை, 23-ஆம் பிரிவின்படி செல்லாதவை என்றார். ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைச் சொல்கிறேன். எண் ஒன்றாக இருப்பது தற்செயல். வாஷிங்டனில் பேசின பாஷை அப்படியாக இங்கேயும் வந்து சேர்ந்தது. அந்தத் தீர்ப்பு வந்த அடுத்த வருஷம்தான் அம்மா பென்சில் குறிகளைத் தேடி விரல் வைத்தது. அந்தத் தீர்ப்பு எங்கள் டவுன் கோர்ட்டு வாசலுக்கு வந்திருந்ததா? அந்த வக்கீலுக்கு அது தெரிந்திருந்தாலும், 1,615 ரூபாய்க்காக யார் வழக்கு நடத்துவது?

அநியாய ஒப்பந்த வாசகங்களுக்கு எதிராகத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1984-இல் 103-ஆவது அறிக்கையில் சொன்னது, 2006-இல் 199-ஆவது அறிக்கையில் மறுபடியும் சொன்னது. அறிக்கைகள் இருக்கின்றன. அதே 1984-இல் இன்னொரு திருத்தம் சத்தமில்லாமல் வந்தது. வங்கி வாங்குகிற வட்டி மிதமிஞ்சியது என்கிற காரணத்தால் எந்தக் கோர்ட்டும் கணக்கைத் திறந்து பார்க்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஆக, 1918 சட்டம் மீட்டர் வட்டிக்காரனுக்கு, வங்கிக்கு அல்ல.

வண்டியைத் தூக்கும் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் ஊஞ்சல் ஆடியிருக்கிறது. சொந்தக்காரர் பைனான்ஸ்காரர்தான், அவர் எடுத்தால் திருட்டு ஆகாது என்றது 2001-இல். அடியாள் வைத்து வசூலிப்பதை அனுமதிக்க முடியாது என்றது 2007-இல். ஹயர் பர்ச்சேஸ் ஆனாலும் சட்ட வழிமுறைப்படிதான் எடுக்க வேண்டும், பலத்தைக் காட்டக் கூடாது என்று 2011-இல் சிட்டிகார்ப் மாருதி வழக்கில் சொன்னது. 2020-இல் மக்மா வழக்கில், கடைசித் தவணை வரை பைனான்ஸ்காரரே சொந்தக்காரர், ஒப்பந்தப்படி எடுத்துக்கொள்ளலாம் என்கிற பழைய இடத்துக்கே திரும்பியது. அதே பழைய வாடகை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில்தான் முதன்முதலாக 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதற்கு இலக்கணம் எழுதினார்கள். தவறுக்குப் பொருந்தாத தண்டம், கடனை முன்கூட்டிக் கட்ட விடாமல் தடுப்பது, காரணமில்லாமல் ஒருதலைப்பட்சமாக முறித்துக்கொள்வது எல்லாம் அதில் உண்டு. நல்ல பிரிவு. ஆனால் ஒப்பந்தமே நியாயமற்றது என்கிற புகாரை மாவட்ட ஆணையத்தில் கொடுக்க முடியாது. மாநில ஆணையத்துக்கோ தேசிய ஆணையத்துக்கோதான் போக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு ஒரு தடவை போய் வர ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு தனி. கிரெடிட் கார்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய ஆணையம் 2008-இல் சொன்னதை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று தள்ளிவிட்டது. ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைத் திருத்தி எழுத ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. வாடிக்கையாளர்கள் எல்லாம் தெரிந்துதான் வாங்குகிறார்கள். கார்டு வைத்திருக்கிறவர்களைப் பற்றி அது சரியாகக்கூட இருக்கலாம். ரகுநாத் பிரசாத்தைப் பற்றியும் சரியாகத்தான் இருந்தது. அவர்களுக்கு எழுதின வாசகம் யார் தலையில் வந்து விடியும் என்பதுதான் என் கவலை.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகள் குழுக்கடன் வாங்கிக்கொண்டிருந்தாள். பத்துப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பேன்ட் போட்ட ஒரு பையன் கையில் பலகை மாதிரி ஒரு கருவியோடு வந்து ஒவ்வொருவரிடமும் விரல் ரேகை வாங்கினான். மை இல்லை, துடைக்க வேண்டியதில்லை. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம் பற்றிக் கேட்டேன். கேள்விப்பட்டதாகச் சொன்னான். "ஒப்பந்தத்தைக் காட்டு தம்பி" என்றேன். போனில் வரும் என்றான். சாயந்திரம் வந்தது. அக்கா மகள், "மாமா, இதுல என்ன எழுதியிருக்குது?" என்று போனை நீட்டினாள். இங்கிலீஷ். விரலால் தள்ளித் தள்ளி வாசித்தேன். தகராறு வந்தால் நிறுவனமே நியமிக்கும் நடுவர், அவர் உட்காரும் இடம் வேறு மாநிலத்தில் ஒரு நகரம்.

"நீ இத படிக்கிறதுக்கு முன்னாடியே ரேகை வெச்சிட்டியே" என்றேன். "எல்லாரும் வெச்சாங்க மாமா" என்றாள்.

அக்கா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த டீச்சரம்மா ஜாக்கெட் துணிக்கு எவ்ளோ குடுத்தோம், ஞாபகம் இருக்காடா?" என்றது. 32 ரூபாய். அதையும் ரெண்டு தவணையாகத்தான் கொடுத்தோம்.